அறுபத்து நான்கு சென்டிமீட்டருக்கு ஒரு கோடு

ஏ.சி. அறையில் வேலை பார்ப்பவனுக்குப் பட்டாபிராம் பக்கம் தனி மரியாதை உண்டு. நான் பாலிடெக்னிக்கை இரண்டாம் வருடத்தில் விட்டுவிட்டு வந்தபோது எங்கள் குவார்ட்டர்ஸில் ஒருவரும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு மூன்று வருடம் ஒரு அச்சகத்தில் இரவு ஷிப்ட் பார்த்தேன். அப்போதும் பேசவில்லை. போன வருடம், தொண்ணூற்றாறில், அம்பத்தூர் எஸ்டேட்டில் துணிக்குப் பூ அச்சடிக்கும் யூனிட்டில் கம்ப்யூட்டர் அறையில் சேர்ந்தேன். அதே ஆட்கள் குழாயடியில் நிறுத்தி, உள்ளே ஸ்வெட்டர் போட்டுக்கொள்ள வேண்டுமாமே என்று விசாரித்தார்கள். என் அப்பா ஆவடித் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடம் உலை வெக்கையில் நின்றவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை தன்னுடைய பழைய மப்ளரை எடுத்து என்னிடம் கொடுத்தார். அதற்கு முன் அவர் எனக்கென்று எதையும் கொடுத்ததில்லை.

இதைச் சொல்வதற்குக் காரணம், சார், அந்த அறையை விட்டுப் போக எனக்கு விருப்பமில்லை. நடந்ததற்கெல்லாம் இதைவிடப் பெரிய காரணம் எதையும் நீங்கள் தேட வேண்டியதில்லை.

முதலாளி பரந்தாமன் எழுதிக் கொடுத்த புகாரில் துணியும் உருளைகளும் கெட்டதைப் பற்றித்தான் இருக்கிறது. நான் வேண்டுமென்றே கெடுத்தேன் என்று எழுதியிருக்கிறார். சரிதான், மறுக்கவில்லை. ஆனால் நடந்ததில் அது கால்வாசி. மீதியை யாரும் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்வதால் எனக்கு நல்ல பெயர் கிடைக்கும் என்று நினைத்துச் சொல்லவில்லை. எந்த வேலையையும் அரைகுறையாக விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

படுக்கை விரிப்பில் பூக்கொடி ஓடுகிறதே, அது முழுத் துணிக்கும் வரைந்தது இல்லை. அறுபத்து நான்கு சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு துண்டு மட்டும்தான் வரைவார்கள். அதைப் பிலிமாக எடுத்து, நிக்கல் உருளை ஒன்றைச் சுற்றிப் பதிப்பார்கள். உருளையின் சுற்றளவும் அதே அறுபத்து நான்கு. அது துணிமேல் உருண்டுகொண்டே போகும். துண்டின் கடைசி விளிம்பும் முதல் விளிம்பும் சேருகிற இடம் பார்ப்பவர் யாருக்கும் தெரியக் கூடாது. தெரிந்தால் அறுபத்து நான்கு சென்டிமீட்டருக்கு ஒருமுறை ஒரு கோடு விழும். துணி முடிகிற வரைக்கும் விழும். மயிரிழை அளவுதான். ஆனால் ஒருதரம் கண்ணில் பட்டுவிட்டால் பிறகு பூ தெரியாது, அதுதான் தெரியும்.

அந்த இடத்தைத் தெரியாமல் செய்வதில் நாகவல்லி அக்காவுக்கு எஸ்டேட்டிலேயே ஈடு கிடையாது. கொரட்டூரிலிருந்து வருவார், வயது நாற்பத்தொன்று. பதினேழு வருடமாக, அடியில் விளக்கெரியும் கண்ணாடி மேஜைமேல் குனிந்து, பிலிமில் பிரஷ்ஷால் பூப் போட்டவர். விளிம்பை நேராக விடவே மாட்டார். இலை ஓரம், இதழ் ஓரம் என்று வளைத்து வளைத்துக் கொண்டுபோய்ச் சேர்ப்பார். சேர்த்த பிறகு அவரையே கேட்டாலும் இடத்தைத் தேடித்தான் சொல்வார். முதலாளி கம்ப்யூட்டர் வாங்கியபோது மற்ற இரண்டு ஆர்ட்டிஸ்டுகளையும் நிறுத்திவிட்டு இவரை மட்டும் வைத்துக்கொண்டார்.

முதல் வாரம் மவுஸைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "இன்னாடா கஜா இது, கை இங்க கீது, கோடு அங்க ஓடுது" என்றார். மூன்று மாதத்தில் என்னைவிட வேகமாக வரைந்தார். நான் கற்றுக் கொடுத்ததுதான். அதில் எனக்குப் பொறாமை எதுவும் இல்லை. இருந்திருந்தால் இப்போது சொல்லிவிடுவேன்.

அவர் வரைவார். வரைந்ததைப் பைலாக வெளியே எடுத்துப் பிலிம் அடிக்கும் எந்திரத்துக்கு அனுப்புவது என் வேலை. அதை அவுட்புட் என்போம். அவருக்குக் காலை ஷிப்ட், எனக்கு மதியம் இரண்டு மணி. இரண்டிலிருந்து ஐந்து வரை இரண்டு பேரும் அறையில் இருப்போம். அவர் போன பிறகு நான் அவுட்புட் எடுப்பேன். அந்த நேரத்தில் வேறு யாரும் உள்ளே வர மாட்டார்கள்.

முதல் கோடு மெரூன் நிறத் தரையில் கிரீம் பூப் போட்ட படுக்கை விரிப்பில் வந்தது. நல்ல பெரிய ஆர்டர், கம்ப்யூட்டரில் வரைந்து அடித்த முதல் ஆர்டர். அடித்து முடித்து, காய வைத்து, மடிக்கும்போதுதான் பார்த்திருக்கிறார்கள். முதலாளி அந்தத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் அறைக்கு வந்தார். கத்தவில்லை. மேஜையில் விரித்து விரலால் காட்டினார். வெளிறிய கோடு ஒன்று, நூல் பிடித்த மாதிரி.

"நான் மூணு தபா பாத்தேன் சார். பைல்ல கோடே இல்ல" என்றார் அக்கா.

முதலாளி என்னைப் பார்த்தார். பைலில் எது இருக்கிறதோ அதுதான் பிலிமில் வரும் என்றேன். அது பொதுவாக உண்மை. அதோடு நிறுத்தியிருக்கலாம். அக்கா பக்கம் திரும்பி, "அக்கா, கண்ணாடி ஏதாவது போடுவீங்களா?" என்று கேட்டேன். சாதாரணமாகத்தான் கேட்டேன். முதலாளி முதல் முறையாக அக்காவின் கண்களை உற்றுப் பார்த்தார். அக்கா கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அழவில்லை. தூசு இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி துடைத்துக்கொண்டார்.

காரணத்தை மூன்றாம் நாள் கண்டுபிடித்தேன். தவறு என்னுடையது. அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் எல்லாவற்றுக்கும் அங்குலத்துக்கு முந்நூறு புள்ளி என்று வைத்துப் பழக்கம். இங்கேயும் அப்படியே வைத்திருந்தேன். முந்நூறு வைத்தால் அறுபத்து நான்கு சென்டிமீட்டருக்கு ஏழாயிரத்து ஐந்நூற்று ஐம்பத்தொன்பது புள்ளியும் கூடவே ஒரு துணுக்கும் வரும். கம்ப்யூட்டரால் துணுக்குப் புள்ளி வைக்க முடியாது. அதை வெள்ளையோடு கலந்து, விளிம்பில் வெளிறிய வரிசை ஒன்றைச் சேர்த்துவிடும். இருநூற்று ஐம்பத்து நான்கு வைத்தால் மில்லிமீட்டருக்குச் சரியாகப் பத்துப் புள்ளி. மொத்தம் ஆறாயிரத்து நானூறு. துணுக்கும் இல்லை, கோடும் இல்லை. ஒரு எண்ணை மாற்றினால் போதும். அரை நிமிட வேலை.

சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொன்னால் அந்த ஆர்டர் என் தலையில் விழும். சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத ஆள், வெளியே அனுப்பிவிடுவார்கள். அதுவும் போக, அந்தக் கோட்டுக்கு இன்னதுதான் காரணம் என்று அதற்குள் எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். அக்காவே பாதி ஒப்புக்கொண்டிருந்தார். ஒருவருக்கும் தெரியாமல் எண்ணை மாற்றிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். அதையும் யோசித்தேன். ஆனால் கோடு பட்டென்று நின்றுபோனால், அதே கண், அதே கை, எப்படி நின்றது என்று அக்கா யோசிப்பார். அவர் யோசிக்கத் தெரிந்தவர். அதனால் ஒன்றிரண்டு டிசைனுக்கு முந்நூறு, மற்றதற்கு இருநூற்று ஐம்பத்து நான்கு என்று வைத்தேன். உடல்நலம் சரியில்லாதவர்களுக்கு ஒருநாள் நன்றாக இருக்கும், ஒருநாள் மோசமாக இருக்கும் இல்லையா, அந்த மாதிரி.

கோட்டில் இரண்டு வகை உண்டு. ஒன்று துணியில் வரும், திரையில் தெரியாது. என்னுடைய முந்நூறு அந்த வகை. இன்னொன்று திரையில் தெரியும், துணியில் வராது. டிசைனைச் சின்னதாக்கி வரிசையாக அடுக்கிப் பார்க்கும்போது, திரை தன் வசதிக்குப் புள்ளிகளைக் குறைத்துக்கொள்ளும். சேருமிடத்தில் இல்லாத கோடு ஒன்று தெரியும். முழு அளவுக்குப் பெரிதாக்கினால் போய்விடும். இது எனக்குத் தெரியும். அக்காவுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

ஒருநாள் மூன்று மணி வாக்கில் என்னைக் கூப்பிட்டார். "இங்க வாடா. கோடு கீது, நல்லா பாரு." சின்னதாக்கி வைத்திருந்தார். பளிச்சென்று தெரிந்தது. நான் மவுஸை வாங்கிப் பெரிதாக்கினேன்.

"எங்கக்கா?"

குனிந்து பார்த்தார். மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்தார். "இப்ப இருந்துச்சேடா."

"எனக்குத் தெரியலையேக்கா."

நான் பொய் சொல்லவில்லை. பெரிதாக்கிய பிறகு எனக்கும்தான் தெரியவில்லை. அந்த டிசைனை இருநூற்று ஐம்பத்து நான்கில் எடுத்தேன். சாம்பிள் சுத்தமாக வந்தது. அவர் கோடே இல்லை என்று சொன்ன அடுத்த டிசைனை முந்நூறில் எடுத்தேன். சாம்பிளில் கோடு வந்தது. உருளை வீணாயிற்று. இருப்பது தெரியவில்லை, இல்லாதது தெரிகிறது என்று அக்கா தானாகவே ஒரு முடிவுக்கு வந்தார். பிறகு தினமும் மூன்று மணிக்கு என்னைக் கூப்பிட்டு, "நீ ஒருதபா பாத்துச் சொல்லு, எங்கண்ண நம்பல" என்பார். அதுவரை யாரும் என்னிடம் எதையும் பார்த்துச் சொல் என்று கேட்டதில்லை. அதையும் சொல்ல வேண்டும்.

முதலாளி செலவு கொடுத்து அவரைக் கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். தூரப் பார்வை, கிட்டப் பார்வை எல்லாம் பார்த்துவிட்டு, இந்த வயதில் இப்படிக் கண் இருப்பது அதிசயம், கண்ணாடியே வேண்டாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அக்காவின் புருஷன் அப்பாவு, திருவேற்காட்டிலிருந்து பூந்தமல்லிக்கு ஷேர் வேன் ஓட்டுகிறவர், அன்று யூனிட் வாசலுக்கு வந்து எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். "கண்ணு சூப்பரா கீதாம் அண்ணாத்தே. பத்தடி தூரத்துல பொடி எழுத்துகூடப் படிக்கறாளாம். நான் ராத்திரி எந்தக் கட வாசல்ல நிக்கறேன்றதும் அதான் இவளுக்குக் கரெக்டா தெரியுது" என்று வாட்ச்மேனிடம் சொல்லிச் சிரித்தார்.

டாக்டர் ஏதாவது ஒரு கண்ணாடி எழுதிக் கொடுத்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். அன்று சாயங்காலமே இருநூற்று ஐம்பத்து நான்கு வைத்து, கடைசிவரை மாற்றாமல் இருந்திருப்பேன். கண்ணாடி போட்டதும் கோடு போய்விட்டது என்று எல்லோருக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் கண் நன்றாக இருந்ததுதான் கெடுதலாகப் போயிற்று.

அக்கா அந்தச் சீட்டை என்னிடம் காட்டி, டாக்டர் நன்றாக இருக்கிறது என்கிறார், சாம்பிளில் கோடு வருகிறது, எதை நம்புவது என்று கேட்டார். ஆஸ்பத்திரிப் பலகையில் கடைசி வரி எழுத்து எவ்வளவு பெரிது என்று நான் கேட்டேன். சுண்டுவிரல் நகத்தில் பாதி இருக்கும் என்றார். நம் கோடு எவ்வளவு என்றேன். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைப் பார்க்கிற கண்ணுக்கும் பஸ் போர்டு படிக்கிற கண்ணுக்கும் ஒரே பலகையை வைத்துச் சோதித்தால் எப்படி என்றேன். வேறு யாரிடம் சொல்லியிருந்தாலும் சிரித்திருப்பார்கள். பதினேழு வருடம் மயிரிழையைப் பார்த்தே பிழைத்தவருக்கு அது நியாயமாகப் பட்டது. "நம்ம வேல டாக்டருக்கு இன்னா தெரியும்" என்றார். தொழில் தெரிந்தவர்களுக்கு வருகிற கர்வம் அது. அந்தக் கர்வம் எனக்கு உதவியாக இருந்தது.

நெமிலிச்சேரி ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம், ஏரிக்கரை ஓரமாக, தாயம்மாள் என்று ஒருவர் கண்ணுக்கு இலைப்பால் விடுவார். என் அம்மாவுக்குத் தெரிந்தவர். அந்தப் பெயரைச் சொன்னது நான்தான். அக்காவுக்கு வழி தெரியாது, அதனால் கூட்டிக்கொண்டு போனதும் நான்தான். ஒரு ஞாயிறு காலை. வேனில் சவாரி இருந்ததால் அப்பாவு வரவில்லை.

தாயம்மாள் அக்காவின் இமையை விரித்து வெயிலில் பார்த்தார். "கண்ல இன்னாம்மா தெரியுது உனுக்கு?"

"கோடு தெரில."

"தெரிலன்னா நல்லதுதானே."

"இல்லம்மா. கோடு கீது. எனுக்குத்தான் தெரில."

தாயம்மாள் இமையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "கண்ணு பளிங்காட்டம் கீது. நல்ல கண்ல பால் உடக் கூடாது. போய் வேல பாருங்க" என்றார்.

இதை நீங்கள் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும் சார். அவர்மேல் வழக்குப் போட்டுவிடாதீர்கள். அவர் வேண்டாம் என்றுதான் சொன்னார். நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து, அவ்வளவு தூரம் வந்துவிட்டோம், ஒரு சொட்டு விட்டால் என்ன ஆகிவிடும் என்று பேசினேன். என் அம்மாவின் பெயரையும் சொன்னேன். அரைமணி நேரம் பேசியிருப்பேன். கடைசியில் ஏதோ ஒரு செடியின் காம்பை ஒடித்தார். பால் கண்ணில் பட்டதும் அக்கா துள்ளிவிட்டார். அடுத்த கண்ணுக்கு நான் பின்னாலிருந்து தலையைப் பிடித்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை எடுத்த டிசைனை இருநூற்று ஐம்பத்து நான்கில் எடுத்தேன். சாம்பிள் சுத்தமாக வந்தது. அந்த வாரம் முழுக்க அப்படியே எடுத்தேன். பட்ட வலிக்குப் பலன் இல்லை என்று அவர் நினைத்துவிடக் கூடாது. சிவந்த கண்ணோடு அக்கா சாம்பிளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மெஷின் ஆட்களிடமெல்லாம் காட்டினார். எனக்கு வீட்டிலிருந்து சுண்டல் கொண்டுவந்து கொடுத்தார். அந்த வாரம் நன்றாகத்தான் போயிற்று.

வெள்ளிக்கிழமை முதலாளி வந்தார். நாகவல்லிக்குத்தான் பழைய கை திரும்பிவிட்டதே, அந்த அவுட்புட்டையும் அவரே கற்றுக்கொள்ளட்டும், உன்னை மெஷின் பக்கம் போடுகிறேன் என்று என்னிடம் சொன்னார். மெஷின் ஷெட்டில் ஆவி அடிக்கும். தகரக் கூரை. அக்கா நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "எங்க, சொல்லிக்குடு. எத்த அமுக்கினா இன்னா வரும்?" என்றார். அவர் அந்த எண்ணைப் பார்த்தால், இது ஏன் முந்நூறு, அது ஏன் இருநூற்று ஐம்பத்து நான்கு என்று பத்து நிமிடத்தில் கேட்பார். திங்கட்கிழமை சொல்லித் தருகிறேன் என்றேன்.

அன்று சாயங்காலம் எடுத்ததை முந்நூறில் எடுத்தேன். சனிக்கிழமை சாம்பிளில் கோடு வந்தது. ஞாயிற்றுக்கிழமை அக்கா தனியாகவே நெமிலிச்சேரிக்குப் போனார். இந்த முறை தாயம்மாள் வீட்டில் இல்லை. எந்தச் செடி என்று அக்காவுக்குத் தெரிந்திருந்தது. ஏரிக்கரை முழுக்க அதுதான். பாலை ஒரு சின்னப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்.

வாரம் ஒருமுறையா, தினமுமா என்று என்னைத்தான் கேட்டார். மருந்துதானே அக்கா, கொஞ்சம் கூடப்போனால் என்ன என்றேன். ஒரு நாள் விடாமல் விட்டுக்கொண்ட வாரம் சாம்பிள் சுத்தமாக இருந்தது. எரிச்சல் தாங்காமல் இரண்டு நாள் தவறவிட்ட வாரம் கோடு வந்தது. இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், காலையில் மருந்து விட்டுக்கொண்டாரா என்பதை அவரே என்னிடம் சொல்லிவிடுவார். அதற்குத் தகுந்த எண்ணை நான் வைப்பேன். ஒழுங்காக மருந்து விட்டால் கோடு வராது என்று ஒரு கணக்கை அவரே போட்டுக்கொண்டார். நான் அதை மீறாமல் நடந்துகொண்டேன். வேறு மாதிரி வைத்திருந்தால் அவர் குழம்பிப் போயிருப்பார். அவுட்புட் கற்றுக்கொள்வதைப் பற்றி அவர் பிறகு பேசவில்லை. கண் சரியாகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று முதலாளியிடம் அவரே சொல்லிவிட்டார்.

ஐந்தாவது வாரமோ ஆறாவது வாரமோ, அப்பாவு என்னை வாசலில் பிடித்தார். குடித்திருக்கவில்லை. வேனை ரோட்டோரம் நிறுத்திவிட்டு வந்திருந்தார். தோளில் கை போட்டு மரத்தடிக்குக் கூட்டிப்போனார்.

"தம்பி, ஊட்ல லைட்டு போட்டா மூஞ்ச மூடிக்கறா. சோறு ஆக்கும்போது கண்லேர்ந்து தண்ணி ஊத்திகினே கீது. டாக்டரு நல்லா கீதுன்னு சொன்ன கண்ணுப்பா அது. நான் சொன்னா, உனுக்கு இன்னா தெரியும், போய் வண்டிய ஓட்டுன்றா. கஜா சொல்லட்டும், நிறுத்தறேன்றா. நீ ஒரு வார்த்த சொல்லு நைனா."

சொல்கிறேன் அண்ணே என்றேன். அவர் என் கையைப் பிடித்துக் கொஞ்ச நேரம் விடாமல் நின்றார். பிறகு பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்தது, போய் வேனை எடுத்தார்.

அக்காவிடம் சொல்ல எனக்கு அன்று மூன்று மணி நேரம் இருந்தது. அவர் ஒரு தாமரை டிசைன் போட்டுக்கொண்டிருந்தார். ஏ.சி. காற்று கண்ணில் படாமல் முந்தானையை நெற்றிவரை இழுத்துவிட்டிருந்தார். நாலு மணிக்கு டீ வந்தது. கப்பை எடுக்கப் போன அவர் கை ஒரு விரல்கடை தள்ளிப் போய் மேஜையைத் தொட்டது. திரும்பவும் போய் எடுத்தது. "ரொம்ப செவந்து கீதாடா?" என்று கேட்டார்.

நான் எழுந்து போய்ப் பக்கத்தில் நின்று பார்த்தேன். இடது கண்ணின் கருவிழியில் வெள்ளையாக ஒரு திட்டு இருந்தது. ஓரம் நேராக இல்லை, வளைந்து வளைந்து போயிருந்தது. கைதேர்ந்த ஆர்ட்டிஸ்ட் போட்ட ஜாயின்ட் மாதிரி, எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியவில்லை.

"கொஞ்சம்தான்க்கா. மருந்து பிடிக்குதுன்னு அர்த்தம்" என்றேன்.

அப்பாவு கேட்ட அந்த ஒரு வார்த்தையை நான் மறந்துவிடவில்லை. சொன்னால் அடுத்த கேள்வி வரும், அதற்கு அடுத்த கேள்வி வரும், கடைசியில் தகரக் கூரை வரும். அதற்குப் பதிலாக அன்றிலிருந்து எல்லா டிசைனையும் இருநூற்று ஐம்பத்து நான்கில் எடுத்தேன். மூன்று வாரம் ஒரு கோடுகூட வரவில்லை. இதுவே போதும் என்று மருந்தை நிறுத்திவிடுவார் என நினைத்தேன். அவர் அப்படி நினைக்கவில்லை. நிறுத்தினால் கோடு திரும்பி வந்துவிடும் என்று பயந்து, காலையில் ஒருமுறை, படுக்கும்போது ஒருமுறை என்று ஆக்கிக்கொண்டார். இதில் என் தவறு எதுவும் இல்லை என்று நினைக்கிறேன். அந்த மூன்று வாரமும் நான் ஒழுங்காகத்தான் வேலை செய்தேன்.

அதே ஆஸ்பத்திரி, அதே டாக்டர். கருவிழி இரண்டும் வெந்து கரைந்துவிட்டது என்றாராம். இடது கண்ணை எடுக்க வேண்டியதாயிற்று. வலது கண் இருக்கிறது. அதில் பகல், இருட்டு மட்டும் தெரியும்.

அக்காவின் இடத்துக்குக் கங்காதரன் என்று ஒருவரை முதலாளி எடுத்தார். மயிலாப்பூர் பக்கத்து ஆள், படித்தவர். வந்த முதல் வாரத்தில் பழைய பைல்களைத் திறந்து வரிசையாகப் பார்த்தார். கோடு விழுந்ததெல்லாம் முந்நூறு. விழாததெல்லாம் இருநூற்று ஐம்பத்து நான்கு. ஒன்றுகூட மாறவில்லை. தெரியாமல் செய்கிற ஆள் இவ்வளவு சுத்தமாகச் செய்ய மாட்டான் என்று முதலாளியிடம் சொல்லியிருக்கிறார். உண்மைதான். முதலாளி புகார் எழுதினார். அதில் அக்காவின் கண்ணைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று தெரியவில்லை. அவருக்கு அது தோன்றாமல் இருந்திருக்கலாம். தோன்றியும், கண் மங்கிவிட்டது என்று சொல்லி அவரை முதலில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது தான்தானே என்று விட்டிருக்கலாம்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். கோடு எப்படி வருகிறது என்று எனக்கு மூன்றாம் நாளே தெரியும். அக்காவின் கண்ணில் எந்தக் கோளாறும் இல்லை என்று தெரியும். டாக்டர் சொல்வதற்கு முன்பே தெரியும். வேண்டாம் என்றவரிடம் பேசி மருந்து விட வைத்தேன், தலையைப் பிடித்தேன், மருந்து வேலை செய்கிறது என்று சாம்பிள் எடுத்துக் காட்டினேன். வெள்ளை விழுந்ததைப் பார்த்த பிறகும் நல்லது என்று சொன்னேன். கஜபதி, தகப்பனார் பெயர் வேம்புலி, வயது இருபத்து நான்கு. கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரு வேண்டுகோள் மட்டும் உண்டு. போன சனிக்கிழமை கொரட்டூருக்குப் போய் அக்காவைப் பார்த்துவிட்டு வந்தேன். யூனிட்டிலிருந்து வேறு யாரும் போகவில்லை. அப்பாவு வேனுக்குப் போயிருந்தார். அக்கா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என் செருப்புச் சத்தத்திலேயே கண்டுகொண்டு, "கஜாவா? வாடா" என்றார். யூனிட்டில் எல்லோரும் எப்படி இருக்கிறார்கள் என்று ஒவ்வொரு பேராகக் கேட்டார். பிறகு என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு, "இப்பவாச்சும் கோடு வராம கீதா?" என்றார். வரவில்லை அக்கா என்றேன். "அப்ப என் கண்ணாலதான். நான் ஒழுங்கா மருந்து உட்டுக்கல. நடுவுல ரெண்டு நாளு, மூணு நாளு உட்டுட்டேன். நீ எவ்ளோ பாடுபட்ட எனுக்கோசரம்" என்றார். நான் ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. அவர் முகம் தெளிவாக இருந்தது. காரணம் தெரிந்துவிட்டவர்களுக்கு வருகிற தெளிவு.

அதனால் இந்த வாக்குமூலத்தை அவருக்கு யாரும் படித்துக் காட்ட வேண்டாம். என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். அவருக்கு மிச்சம் இருப்பது அந்த நிம்மதி ஒன்றுதான். அதையும் கெடுக்கிற அளவுக்கு நான் கல்நெஞ்சன் இல்லை.